தனியாகச் சுழன்ற ஹார்ட் டிஸ்க்

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு மலையிறங்கிய தொழிலாளர்களின் பேச்சை என் ஆய்வுக்காகப் பதிவு செய்து லேப்டாப்பில் வைத்திருந்தேன். அவர்களில் செல்லையா என்பவர் பிறகு இறந்துவிட்டார்.

லேப்டாப் வேகம் குறைந்ததால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் புதிய எஸ்.எஸ்.டி. மாட்ட திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கேபிளில் இணைத்து, எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கினார். ஆய்வுக் கட்டுரையை முதலில் எடுக்கச் சொன்னேன். அது முடிந்து குரல்களின் முறை வந்தபோது, டீ டம்ளர் வைக்க இடம் வேண்டி நான் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கினேன். கை நழுவித் தரையில் விழுந்தது. உள்ளே டக் டக்கென்று சத்தம்.

“லேப்டாப் வாங்கும்போது, கீழ விழுந்தாலும் தாங்கும்னுதானே சொன்னாங்க?” என்றேன்.

“விழுறதைக் கண்டுபிடிச்சு தட்டைப் படிக்குத முள்ளை ஒதுக்குத சென்சார் உங்க லேப்டாப்புலல்லா இருக்கு! இது வெளிய தனியா சுத்திக்கிட்டு கெடந்துது. முள்ளு தட்டுல இடிச்சிட்டு.”

குரல்கள் மீளவே இல்லை.

செல்லையாவின் மனைவியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“அவரு குரல் இத்தனை நாளும் உங்ககிட்ட இருந்துதா? ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கலாமேம்மா.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கை நழுவியதைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியாது.