மூன்றாம் முறை திரும்பி வந்த பெட்டி

பழுது பார்த்துக் கொடுத்த சாமான் ஒருமுறை திரும்பி வந்தால் அன்புச்செல்வி பொறுத்துக்கொள்வாள். இரண்டாம் முறை வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சகாதேவனின் ஆரஞ்சு நிறப் பெட்டி இப்போது மூன்றாம் முறையாக வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

கிட்டார்காரர்கள் அதைப் பெடல் என்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகப் பெட்டி, அதன் மேல் காலால் அமுக்க ஒரு பொத்தான். அமுக்கினால் அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் உறுமத் தொடங்கும், மறுபடி அமுக்கினால் அடங்கிவிடும். சகாதேவனின் பெட்டிக்கோ மேடை ஏறினால்தான் வியாதி. முதல் இரண்டு பாட்டுக்குக் கொரகொரவென்று இரையும், நடுவில் ஊமையாகும். மறுநாள் அன்புச்செல்வியின் மேஜைக்கு வந்தால் எதுவுமே நடக்காதது போலப் பாடும்.

அவளும் அரைகுறை இல்லை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை மாடியில் அறை எடுத்தாள். பக்கத்திலிருந்த ஆசிரமத்துக்குக் கிட்டாரும் கையுமாக வரும் வெளிநாட்டுக்காரர்கள்தான் முதலில் பெடல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பதை நோட்டில் வரைந்து வரைந்தே கற்றுக்கொண்டாள். வெயில் ஏறினால் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வருடம் முழுக்கக் கடைக்கு வேலை கொடுத்தது போளூரிலிருந்து விழுப்புரம் வரை இருந்த ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரர்கள். அத்தனை பேரும் சகாதேவன் சொன்னால் கேட்பவர்கள்.

அந்தச் சகாதேவன்தான் எதிரே நின்றார். ஐம்பது வயது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"நான் ஜாஸ்தி பேசலம்மா. மேடையில மூணு வாட்டி மானம் போச்சி. சனிக்கிழமை அடி அண்ணாமலையில புரோகிராம். அன்னிக்கும் கொரகொரன்னா இதை மெட்ராஸுக்கே அனுப்பிடறேன். பசங்களுக்கும் சொல்லிடுவேன்."

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் வருத்தமாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. அவர் வாயால் ஒரு சொல் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லேன்" என்றான் வேன் ஓட்டும் கணவன் ஆதவன். "இல்லன்னா கம்பெனியிலதான் உன்னத் திரும்பக் கூப்புடறாங்களே."

"கூப்புடட்டும். இது இன்னான்னு பாக்காம நான் எழுந்திருக்கறதா இல்ல."

பார்த்தாள். பெட்டியை மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டாள். தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினாள். ஆதவனின் வேனில் வைத்துச் செங்கம் வரைக்கும் குலுக்கிக்கொண்டு போய் வந்தாள். பெட்டி அசைந்துகொடுக்கவில்லை. எரிச்சலில் அதைத் தள்ளி வைத்தபோது, கழற்றிய சாமான்களைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. முதல் இரண்டு முறையும் அந்தப் பெட்டியிலிருந்து அவள் கழற்றிப் போட்ட பொத்தான்கள் அதில்தான் கிடந்தன.

ஒன்றை எடுத்துக் குறட்டால் உடைத்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. அடுத்ததிலும் அதேதான். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்!

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே தன்மேலேயே கோபமும் வந்தது. கெட்டதைக் கழற்று, நல்லதைப் போடு, அடுத்த போர்டைப் பார் என்று கம்பெனி பழக்கிய கை அவளுடையது. இரண்டு முறை பொத்தானை மாற்றியவள், அது ஏன் கெட்டது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணா, பெட்டிக்குச் சந்தனம் வெக்கிறீங்களா?"

"வெக்காம? வாத்தியம்மா அது! அதப் போயி கால்ல மிதிக்கிறேன். பட்டனுக்குச் சந்தனம், குங்குமம் வெச்சி, தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் கால வெப்பேன். பழைய பெட்டிக்கும் அப்பிடித்தான். பாவம், அதுவும் இப்பிடியேதான் கெட்டுப்போச்சி."

"எங்கிட்ட தரப்போ ஒண்ணுமே இருக்காதே?"

"தொடச்சிட்டுத்தான் தருவேன். அழுக்கா குடுத்தா மரியாதையாம்மா?"

எல்லாம் விளங்கிவிட்டது. ஈரச் சந்தனம் பொத்தானின் இடுக்கில் இறங்குகிறது, மேடையில் தகராறு செய்கிறது, மறுநாளைக்குள் காய்ந்துவிடுகிறது. இனிமேல் வைக்காதீங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் தினமும் காலையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவள் சுவிட்சைப் போட்டதில்லை. தனக்கொரு நியாயம், அவருக்கொரு நியாயமா?

"சரிங்கண்ணா. சனிக்கிழமை நானே எடுத்துட்டு வரேன்."

இரண்டு நாள் வேறு வேலை தொடவில்லை. பெட்டியிலிருந்து பொத்தானையே எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தாள். உள்ளே பொத்தானின் வேலையைச் செய்ய ஒரு ரிலேயை வைத்து, நீளமான ஒயரின் முனையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய தனி மிதிசுவிட்சு ஒன்றைச் செய்தாள். கடைசியில் அந்தச் சுவிட்சின்மேல் ஒரு ரப்பர் குல்லாயை மாட்டி, சுற்றிலும் பசை வைத்து மூடினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அடி அண்ணாமலை மேடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்தாள்.

"இனிமே வாத்தியத்த மிதிக்க வேணாங்கண்ணா. அது மேலயே இருக்கும். எவ்ளோ வேணும்னாலும் சந்தனம் வைங்க. கீழ இருக்கறது வெறும் சுவிட்சு. வீட்டு காலிங் பெல் மாதிரி."

சகாதேவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா மனசு உறுத்திக்கினே இருந்துச்சிம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. பெட்டிக்குத் தாராளமாகச் சந்தனமிட்டுக் கும்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவிட்சின் மேல் காலைக் கொண்டுபோனவர், அந்தரத்தில் நிறுத்தினார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு குனிந்தார். அந்தக் குட்டிச் சுவிட்சுக்கும் கொழகொழவென்று ஒரு பொட்டு வைத்தார்.

ரப்பர் குல்லாய் எதற்கு என்று அன்புச்செல்விக்குத் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு பாட்டு முடிகிறவரை மேடையோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஒரு கொரகொரப்பும் இல்லை. மூன்றாம் பாட்டில் கிட்டார் உறுமியபோது அவளையறியாமல் கை தட்டினாள்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்க வந்தபோது மாடிப்படியில் இரண்டு கிட்டார்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் பெடல். இரண்டின் பொத்தானிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"மன்னிச்சிக்கோங்கக்கா" என்றான் ஒருவன் கூச்சத்தோடு. "தொடைக்காமக் குடுக்கச் சொன்னாரு சகாதேவண்ணன்."