மந்திரிக்குச் சிரித்த சிரிப்பு

அக்காவின் சிரிப்பு மூக்கில்தான் தொடங்கும். ஹெக் என்று ஒரு விக்கல், அப்புறம் ஒரு "அய்யோ", அதற்குப் பிறகுதான் முழுச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே அவளைத் தி. நகரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவார்கள். டிவி காமெடித் தொடர் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து சிரிக்க ஆள் வேண்டுமாம். மயிலாப்பூரில் வீட்டுவேலையை முடித்துக்கொண்டு நேரே போவாள். தொங்கும் மைக்குக்கு நேர் கீழே முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.

அந்தத் தொடரில் ஓர் அடுக்குமாடிக் குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் வீடு கிடையாது. ஒருத்தி துடைப்பத்தோடு உள்ளே வருவாள். "இன்னாம்மா, பாத்திரம் எங்க கீது?" என்பாள். அவ்வளவுதான் ஜோக். நாங்கள் குடியிருந்த அடையாற்றங்கரையில் எல்லோரும் அப்படித்தான் பேசினோம், யாரும் சிரித்ததில்லை.

ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று எடுத்த பகுதியில் ஒரு மந்திரி வெள்ளம் பார்க்கப் படகோடு வருகிறாராம். அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. தெருவில் நிற்கும் படகில் ஏறி நின்று அதட்டுகிறார்: "நான் வந்துட்டேன், தண்ணி எங்கய்யா?" எங்கள் வீட்டுச் சுவரில் அந்த வருடத்து வெள்ளம் நின்ற ஈரம்கூட இன்னும் காயவில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

தொடர் ஒளிபரப்பானபோது மந்திரியைக் காணோம். யாருக்கு என்ன பயமோ, வெட்டிவிட்டார்கள். அக்காவின் சிரிப்பு மட்டும் இருந்தது. துடைப்பக்காரி வாயைத் திறந்ததும் அதைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

"நான் இதுக்கு சிரிக்கலடி. மந்திரிக்கு சிரிச்சது இது," என்றாள் அக்கா. முகம் செத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் அங்கே போகவே இல்லை.

கொஞ்ச காலத்தில் கரையையே காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்தும் அக்கா பஸ் மாறி மாறி மயிலாப்பூருக்கு வேலைக்கு வந்தாள். நெஞ்சுவலி வந்த காலையில் ஆஸ்பத்திரி வெகுதூரத்தில் இருந்தது. வழியிலேயே போய்விட்டாள். பழைய வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். யாரிடம் சொன்னாலும் விதி என்கிறார்கள். எனக்கு அது விதியாகத் தெரியவில்லை.

அவள் மகள் அப்போது கைக்குழந்தை. அம்மாவின் குரல் அவளுக்குத் தெரியாது. எங்களிடம் அந்தத் தொடரைத் தவிர வேறு பதிவும் இல்லை. போன மாதம் அதைப் போனில் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா ஏன் சித்தி நம்மளப் பாத்து சிரிக்குது?"

மந்திரி கதையை முழுக்கச் சொன்னேன். அவள் போனை வாங்கி ஏதோ செய்தாள். துடைப்பக்காரியை வெட்டிவிட்டுச் சிரிப்பை மட்டும் தனியாக எடுத்திருந்தாள்.

"இப்ப நீ மந்திரி மாதிரி சொல்லு சித்தி."

"நான் வந்துட்டேன், தண்ணி எங்கய்யா?" என்றேன்.

அவள் போனைத் தொட்டாள். ஹெக். அய்யோ. அக்கா மந்திரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு சித்தி," என்றாள் அக்கா மகள், கண்ணைத் துடைக்காமலே.