மலைக்குப் பின்னால் விழாத சூரியன்

அந்திச் சூரியனைப் படம் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. பிடித்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் "நேர்ல பாத்த கலர் இது இல்லையே" என்று ஒருவர் வந்து நிற்பார் பாருங்கள், அங்கேதான் எங்கள் பிழைப்பு ஆரம்பிக்கிறது.

கேமரா வாங்கிய பாவத்தைச் செய்துவிட்டு மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து நிற்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆலங்காயத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வார நாளில் பாஸ்போர்ட் படம். ஞாயிற்றுக்கிழமை, புதுசாகக் கேமரா வாங்கினவர்களை ஜீப்பில் ஏற்றி ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய் அந்தி வானம் எடுக்க வைப்பேன். மறு வாரம் அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யக் கற்றுத் தருவேன்.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டுடியோக்களின் கதி உங்களுக்கே தெரியும். போன ஐப்பசியில் என் கணவர் கெடு வைத்துவிட்டார். தை பிறப்பதற்குள் கடை நிமிர வேண்டும், இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு அவருடைய உரக் கடையில் வந்து உட்கார வேண்டும். உரக் கடையில் உட்கார மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு அதைவிடப் பழைய பிடிவாதம் ஒன்றும் உண்டு: அன்றைக்கு இல்லாத வானத்தை எந்தப் படத்திலும் ஒட்ட மாட்டேன். கடையைக் காப்பாற்ற வேண்டுமானால் வானத்தை ஒட்டு என்று ஊரே சொன்னால் என்ன செய்வது? அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆட்டுக்காது மேகம்

முதலில் அந்தப் பிடிவாதம் வந்த கதை. சொந்தக் கடை போடுவதற்கு முன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். முதலாளியின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறைய வானம் இருக்கும். கொட்டுகிற மழையில் கல்யாண ஜோடியை எடுத்தாலும் அவருக்குக் கவலையே இல்லை. சாம்பல் வானத்தை வெட்டி எடுத்துவிட்டு ஆரஞ்சு வானத்தை ஒட்டிவிடுவார். அதில் ஒரு வானம் அவருக்கு ரொம்பப் பிரியம். ஓரத்தில் ஆட்டுக்காது மாதிரி ஒரு மேகம் தொங்கும்.

ஒருநாள் ஒரே தெருவிலிருந்து இரண்டு மாமியார்கள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டுக் கல்யாணம் வைகாசியில், இன்னொன்று கார்த்திகையில். இரண்டு ஆல்பத்திலும் அதே ஆட்டுக்காது. எனக்குத் தலை நிமிரவே வெட்கமாக இருந்தது. முதலாளி ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார். அவர்கள் போனதும், "இது சரியில்லைங்க" என்றேன். அவர் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பந்தல்காரன் ஒரே பந்தலத்தான ஊரெல்லாம் போடறான், அவன யாராச்சும் கேட்டாங்களாம்மா?"

மாவும் தோசையும்

வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கேமராவில் படம் பதிவாகும் வகையை 'ரா'வில் வையுங்கள் என்பதுதான். போனில் வழக்கமாக வரும் ஜேபெக் படம் சுட்ட தோசை. ரா என்பது மாவு. தோசையைச் சுட்டுவிட்டால் அதைத் திரும்ப இட்லியாக்க முடியாது. அந்தி நேரத்தில் கேமரா நிறத்தைத் தானாகத் திருத்துகிறேன் பேர்வழி என்று கண்ணெதிரே இருக்கும் மஞ்சளையும் சிவப்பையும் துடைத்து வெளுக்க வைத்துவிடும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் அது போனது போனதுதான். ராவில் எடுத்திருந்தால் பிறகு கம்ப்யூட்டரில் வெயில் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இதை ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து விளக்கினேன். வாணியம்பாடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மறு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். எடுத்த எதுவும் போனில் திறக்கவில்லையாம், மச்சானுக்கு அனுப்பினால் அவருக்கும் திறக்கவில்லையாம்.

"தோச சுட்டுக் குடுப்பீங்கன்னு வந்தா, மாவக் கையில குடுத்து வூட்டுக்கு அனுப்பறீங்களே மேடம்."

எது பெஸ்ட்டு?

அடுத்த தலைவலி, அந்த மாவை எந்தக் கல்லில் சுடுவது என்பது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். கேமரா செய்த கம்பெனியே அநேகமாக ஒரு மென்பொருளைச் சும்மா கொடுக்கும், அதில் ஆரம்பியுங்கள். உங்கள் கேமராவின் நிறம் அதற்கு நன்றாகப் புரியும். அது போதவில்லை என்றால் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பவை இருக்கின்றன. கண்ணைக் கட்டுகிற அளவுக்குப் பொத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். மாசச் சந்தா கட்டுகிற சமாச்சாரமெல்லாம் கல்யாண ஆர்டர் கையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, தரையின் இருட்டைக் கொஞ்சம் ஏற்றத் தெரிந்துவிட்டால் எந்தப் பானையிலும் சோறு வேகும்.

இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? திருப்பத்தூரிலிருந்து ஒரு பேங்க் ஊழியர் வருவார். லேப்டாப் முழுக்க மென்பொருள். ஒவ்வொன்றைப் பற்றியும் வீடியோ வீடியோவாகப் பார்த்து, எது எதைவிட மேல் என்று எனக்கே பாடம் எடுப்பார். சரி, நீங்கள் எடுத்த ஒரு படத்தைத் திறங்கள் பார்க்கலாம் என்றேன். மனுஷன் இன்னும் கேமராவையே உறையிலிருந்து எடுக்கவில்லை.

"மொதல்ல எது பெஸ்ட்டுனு முடிவாகட்டும் மேடம், அப்புறமா போட்டோ எடுத்துக்கறேன்."

கடைசி வரைக்கும்

ஒரு பி.டி. டீச்சர். கணவரை மலைமேல் நிற்கவைத்து எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். மென்பொருளில் நிறத்தை ஏற்றும் கோடு, வெதுவெதுப்பை ஏற்றும் கோடு, எல்லாவற்றிலும் குமிழை வலது கோடி வரை இழுத்துவிட்டிருந்தார். வானம் தக்காளித் தொக்கு. கணவர் முகம் மஞ்சள் பூசிக் குளித்து வந்தது போல. பின்னால் சாமை அறுத்த கொல்லை பற்றி எரிகிறது.

குமிழை முக்கால்வாசி இடதுபக்கம் தள்ளி, பழைய சாயங்காலத்தை மீட்டுக் காட்டினேன். அவருக்குத் திருப்தியே இல்லை. ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் போகக் கூடாதுன்னா, கம்பெனிக்காரன் இன்னாத்துக்கு மேடம் அவ்ளோ தூரம் கோடு போட்டு வெச்சான்?"

காக்கா

கேமராவின் உள்ளே தூசி இருந்தால் வெறும் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இல்லாததை ஒட்ட மாட்டேன் என்கிறவள், இல்லாததை அழிக்கத்தானே வேண்டும்? ஒருவர் படத்தில் அழிக்கப் போனேன். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். தூசிங்க, எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது பாருங்கள் என்று காட்டியும் கேட்கவில்லை.

"காக்கா மேடம் அது. சனீஸ்வரன் வாகனம், அழிச்சுடாதீங்க."

மாமியார் கேட்ட கேள்வி

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டியிருக்கிறது. நான் பிறந்தது கண்ணமங்கலம். எங்களுக்கு ஜவ்வாது மலை மேற்கே. சூரியன் சாயங்காலம் மலைக்குப் பின்னால் விழும். வாக்கப்பட்டது மலைக்கு இந்தப் பக்கம், ஆலங்காயத்தில். இங்கே மலை கிழக்கே. காலையில் சூரியன் மலையிலிருந்துதான் ஏறும், சாயங்காலம் எதிரே ஏலகிரிப் பக்கம் இறங்கும். நடுவில் இருப்பது ஒரே மலைதான். ஆனால் மலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தானே நாங்கள் எல்லாரும் திசை சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். கிழக்கே பார்த்துப் பானை வை என்றார் மாமியார். பிறந்த வீட்டுப் பழக்கத்தில் மலைக்கு முதுகைக் காட்டி, பயபக்தியோடு மேற்கே பார்த்து வைத்தேன். தெருவே பார்த்தது. மாமியார் திட்டவில்லை, பானையைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"உங்க ஊர்ல சூரியன் மேக்காலயா மொளைக்குது?"

சமையல்கட்டுக்குப் பின்னால்

அன்றைக்குப் பட்ட அவமானத்தில் திசை எனக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. அதுதான் கார்த்திகையில் வினையாக வந்தது.

ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும் வழியில் புதுசாக ஒரு ரிசார்ட். ஓனர் கடைக்கே வந்தார். ரோட்டுத் திருப்பத்தில் பெரிய போர்டு வைக்க வேண்டும், அதில் சூரியன் மறைகிற படம் வேண்டும். அது பிடித்துப்போனால் அறைகளில் மாட்டும் படம், விருந்தாளிகளை எடுக்கும் வேலை எல்லாம் எனக்கே. கடை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் இடத்தை நான் சுற்றிச் சுற்றி வந்ததில், மறைகிற சூரியன் நன்றாகத் தெரிவது சமையல்கட்டுக்குப் பின்னால் போகும் ஊர்ப் பாதையில்தான் என்று புரிந்தது. எச்சில் இலைக் குவியலைத் தாண்டிப் போய் நின்று எடுத்தேன். மழை கழுவிவிட்ட வானம், எலுமிச்சை மஞ்சளில் ஆரம்பித்துப் பழுத்த பப்பாளியில் முடிந்தது. ஒரு பொட்டு நிறம் கூட்டவில்லை.

ஓனர் படத்தைப் பார்த்தார். நல்லாத்தான் இருக்குது, மலை எங்கே என்றார். மலை உங்களுக்குப் பின்னால் இருக்குதுங்க என்றேன். அதெல்லாம் இல்லை, முன்புறத் தோட்டமும் மலையும் தெரிய வேண்டும், மலைக்குப் பின்னால் சூரியன் விழ வேண்டும், கம்ப்யூட்டரில் ஒட்டிவிடு என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப ரிசார்ட்டத் தூக்கினு போய் கண்ணமங்கலத்துல வைங்க, அங்கதான் மலைக்குப் பின்னாடி விழும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சின்னப் பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நேரே ரோட்டைத் தாண்டி என் பழைய முதலாளியிடம் போனார்.

"வர்றவன் பெங்களூர்க்காரன்மா. கெழக்கு எது மேக்கு எதுன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

உரக் கடையில் ஒரு நாற்காலி

போர்டு ஒரே வாரத்தில் எழுந்தது. ஜவ்வாது மலை, அதன் பின்னால் தட்டு மாதிரி சிவப்புச் சூரியன், ஓரத்தில் அதே ஆட்டுக்காது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஒரு சொல் சண்டை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் சாப்பிட்டு முடித்தோம். ஒட்டியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாலாவது பதில் வைத்திருந்தேன். நான் எடுத்த ஒவ்வொரு படத்தையும் அப்புறம் எவன் நம்புவான் என்று கேட்டிருப்பேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்.

"கடைல உனக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன், முதுகுக்கு நல்லா இருக்கும்."

முக்காலிக் கூட்டம்

மார்கழி விடுமுறையில் ரிசார்ட் நிரம்பிவிட்டது. அந்த ஞாயிறு என் வகுப்பை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றேதான் அந்த ஊர்ப் பாதைக்குப் போனேன். பாதை ஊருக்குச் சொந்தம், யார் கேட்பது? முன்புறத் தோட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் வரிசையாகக் கேமரா முக்காலிகளை நட்டு, போர்டில் பார்த்தபடி மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று எடுக்க ஆரம்பித்தோம். டீச்சர் தன் கணவரைப் பார்த்து 'இந்தப் பக்கம் நில்லுங்க' என்று போட்ட சத்தத்தில் தோட்டத்திலிருந்த ஒருவர் திரும்பினார். திரும்பினவர் அப்படியே வாயைப் பிளந்தார். அப்புறம் ஒவ்வொருவராக முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, எச்சில் இலைக் குவியலைத் தாண்டி ஓடி வந்தார்கள். பாதிப் பேருக்குக் கடைசித் துளிதான் கிடைத்தது.

இருட்டுகிற வரை ராவா ஜேபெக்கா, எந்த மென்பொருள் என்று அவர்கள் என்னை விடவில்லை. மறுநாள் நான்கைந்து பேர் லேப்டாப்போடு கடைக்கே வந்துவிட்டார்கள். எங்கள் பேங்க் ஊழியர்கூட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேமரா உறையைக் கழற்றினார். அந்த வாரம் முழுக்க ரிசார்ட் ஓனரிடம் எத்தனை பேர் என்னென்ன கேட்டார்களோ, எனக்குத் தெரியாது. தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் ஓனரே என் கடை வாசலில் வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் இல்லை, உட்காரக்கூட இல்லை.

"சரிம்மா, உங்க சூரியனையே போடுங்க. சமையக்கட்டுப் பின்னாடி குப்பைய வாரிட்டு நாற்காலி போட்டுட்டேன். ஆனா சூரியன மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க."

தை பிறந்துவிட்டது, போர்டில் சூரியன் அன்றைக்கு இருந்த அளவில்தான் இருக்கிறது, என் வீட்டுக்காரர் உரக் கடை நாற்காலிக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.