ஏரிக்கரையில் நம்ம வூடு

மகள் கைபேசியில் நேபாளத்துப் பொக்காராவில் தங்க அறை தேடிக்கொண்டிருந்தாள். நீல ஏரி, பின்னால் பனிமலை, நடுவானில் பாராசூட் மனிதர்கள். "மல இவ்வளவு பளிச்சுன்னா இருக்கும்? ஒட்டு வேலைம்மா" என்றேன். "ஆரம்பிச்சிட்டீங்களாப்பா!" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? டீக்கடையில் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் கல்யாணத்துக்கு முன்னால் அதே பொக்காராவுக்குப் போனேன் என்றால், லப்பைக்குடிகாட்டு நண்பன் சலீம்தான் காரணம். துபாயில் அவனோடு ஒரே அறையில் இருந்த நேபாளி தில், வேலையை விட்டுவிட்டு ஊரில் தன் வீட்டையே விடுதியாக்கியிருந்தான். "நாமதான் மொத ஆளு மாப்ள. ஓசியிலயே தங்கிக்கலாம்" என்றான் சலீம். ஓசி என்றதுமே 'எதுக்கு ஓசி?' என்று மூன்று தடவை கேட்டேன். கோரக்பூர் வரை அன்ரிசர்வ்டு ரயில், அப்புறம் பஸ். வழி முழுக்கப் பையின் வாரைக் காலில் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தில் ஓடி வந்தான். "வாங்க மாப்ள, வூட்டுக்குப் போவலாம்."

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் வேப்பந்தட்டை பஸ்ஸில் கேட்கிற அதே பேச்சு! "பாய், இவன் நம்மள எங்கியோ மாட்டி வுடப் போறான்" என்று சலீமின் காதைக் கடித்தேன். "நான் சொல்லிக் குடுத்த தமிழ்டா" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

வீடெங்கும் கடுகெண்ணெய் வாசம். சலீம் தின்று, நன்றாகத்தான் இருக்கிறான் என்று பார்த்த பிறகே நான் சோற்றில் கை வைத்தேன். மலையோ கண்ணிலேயே படவில்லை. ஏரிக்கு மேலே வெறும் மேகம். "நாளைக்கு வரும்" என்றான் தில். மறுநாளும் அதையே சொன்னான். எங்கள் பச்சைமலை அப்படியெல்லாம் வந்து போகிற மலையில்லை. மலையே கிடையாது, கதை விடுகிறான் என்று முடிவுகட்டினேன். பாராசூட்டில் ஏறும்போது ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தேன். ஓட்டுகிறவர் பொறுமையிழந்து என்னைத் தள்ளிக்கொண்டே ஓடினார். பறக்கும்போதுதான் மேகம் விலகியது. முகத்துக்கு நேரே மலை! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கிளம்புகிற அன்று தில் பலகையும் பெயின்டும் கொண்டுவந்தான். இடுப்பில் அவன் மகள். "உங்க ஊர் ஆளுங்க வருவாங்கல்ல, 'நம்ம வூடு'ன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க. ஆளு வரலன்னா நான் மறுபடி துபாய்தான் போவணும். புள்ள இப்பதான் எங்கிட்ட ஒட்டுது."

'நம்ம வீடு' என்று எழுதி, படித்தும் காட்டினேன். தில் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வீடு இல்ல, வூடு. தப்பா எழுதி ஏமாத்தாதீங்க."

என்னையும் சந்தேகப்பட ஓர் ஆள்! சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

"'நம்ம வூடு'ன்னு போட்டுத் தேடேன்" என்றேன் இப்போது மகளிடம். 'நம்ம வீடு' என்பதையா தேடுகிறீர்கள் என்று கைபேசி கேட்டது. அதை நம்பாமல் சலீமுக்குப் போன் போட்டேன்.

"எப்பவோ வித்துட்டான் மாப்ள. அங்க பெரிய ஓட்டல் நிக்குது. தில் மறுபடி துபாய் வந்து இன்னும் எங்கூடத்தான் கெடக்குறான். போன மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். போன்லதான் பாத்தான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

போனை வைத்துவிட்டு, மகளின் கைபேசிப் படத்தில் ஏரிக்கரையில் அந்த வூடு இருந்த இடத்தைத் தேடினேன்.