சாக்குப் போர்த்திய அவரைக்கொடி

திருப்பதியில் எங்கள் தெருவுக்குக் கரண்டு விளக்கு வந்த வருஷம்தான் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். விளக்குக் கம்பம் எங்கள் வேலியை ஒட்டி நின்றது. சாயங்காலம் எரிய ஆரம்பித்தால் விடியும்வரை அந்தப் பக்கம் பகல்தான். மாமியார் அதன் வெளிச்சத்திலேயே அரிசியில் கல் பொறுக்குவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

ஆடியில் வேலியோரம் அவரை ஊன்றினேன். கொடி பந்தலை மூடிவிட்டது. ஊரெல்லாம் அவரை காய்த்துக்கொண்டிருந்த மார்கழியில் எங்கள் பந்தலில் வெறும் இலை. "கொடி உன்னப் பாத்து வெக்கப்படுதா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கே சிரிப்பு வந்தது. மாமியார் சிரிக்கவில்லை. எனக்குக் கேட்கும்படி மகனிடம் சொன்னார்: "இவ கையில ராசி இல்லடா. இனிமே வெதப்பானையத் தொட வேணாம்னு சொல்லிடு."

கார்வேட்டிநகரத்தில் நைனாவோடு கடலைக்காய் விதைத்து வளர்ந்தவள் நான். விதையைத் தொடக்கூடாதென்றால் எனக்கு அந்த வீட்டில் அடுப்படி மட்டும்தான் மிச்சம்.

பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாட்டுக்கொட்டகைச் சுவரின் நிழல் விழும் மூலையில், விளக்கு எட்டாத இடத்தில், ஊதா நிறத்தில் கொஞ்சம் பூ. ஊன்றிய கை ஒன்றுதான், கொடியும் ஒன்றுதான். விளக்குதான் கெடுக்கிறது என்றேன். சூரியனும் வெளிச்சம்தானே, அது மட்டும் கெடுக்காதா என்று வீடே கேட்டது. அப்போது என்னிடம் பதில் இல்லை. கோணிச் சாக்குகள் இருந்தன.

அவற்றைச் சேர்த்துத் தைத்து, பொழுது சாய்ந்ததும் பாதிப் பந்தலை மூடுவேன், காலையில் எடுத்துவிடுவேன். கொடிக்குக் குளிருதா என்று தெருவே விசாரித்தது. ஒருநாள் மாமியார் சாக்கை இழுத்துக் கீழே போட்டார். அவர் பார்க்கவே எடுத்து மறுபடியும் போர்த்தினேன்.

"இதுல பூ வரலன்னா கொடிய நானே அறுத்துப் போடறேன், அத்த. அதுவரிக்கும் சாக்கத் தொடாதீங்க."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என் புருஷன் சட்டென்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு, சித்தூர்ச் சந்தையில் வாங்கிய ஒரு பயிர்ப் புத்தகத்தில்தான் பதில் கிடைத்தது. அவரையின் இலை இருட்டின் நீளத்தை அளக்கிறதாம். இருட்டு போதுமான அளவு நீண்டால், இலையிலிருந்து கிளம்பும் ஒரு சத்து நுனிக்குப் போய், பூக்கச் சொல்கிறதாம். விளக்கு எரிந்தால் இலைக்கு அது இன்னும் கோடைக்காலம்தான்.

அந்த வருஷம் சாக்குப் போர்த்திய பாதி, தை பிறந்து கொஞ்ச நாளில் பூத்துக் குலுங்கியது. மற்ற பாதி இலையாகவே நின்றது. பந்தலடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் மாமியார் விதைப்பானையோடு வந்தார். "கைக்கு ராசி வந்துடுச்சி போலக்கீது. இந்தா."

நான் கை நீட்டவில்லை. "ராசி போவவும் இல்ல, வரவும் இல்ல. விளக்குதான் கெடுத்துச்சின்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். "எழவெடுத்த விளக்கு," என்று முனகிவிட்டு, பானையை என் மடியில் வைத்தார்.