அப்பாவின் சட்டைப் பையில் இருந்த காந்தம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இல்லாமல் நேராக இருக்கும். இதை வெட்டிய கட்டிங் மெஷின், மூடிப்போன ஓர் அச்சகத்தின் பின்பக்கம் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. அப்பா அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டி, மறுபடி ஓட வைத்தார். தன் முதலாம் ஆண்டு நினைவு மலரை அதே மெஷின் வெட்டும் என்று அன்றைக்கு அவர் நினைத்திருக்க மாட்டார்.

அப்பா விருதுநகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கியவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்பா லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வத்தல் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்தவருக்கு கிரீஸ் வாசம் சந்தனம் மாதிரி இருந்ததாம். பிறகு சிவகாசிக்கு வந்து அச்சகங்களில் ஃபிட்டராக இருந்தார். அம்மாவைக் கைப்பிடித்ததும், ஒரே பிள்ளையாக நான் பிறந்ததும், காளவாசல் பக்கத்தில் ஓட்டு வீடு கட்டியதும் இங்கேதான். வேலை இல்லாத காலமும் உண்டு, கஞ்சி குடித்த காலமும் உண்டு. அதை எல்லாம் அப்பா சொல்லிக் காட்டியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் துருப்பிடித்த இரும்பு வந்து இறங்கும். கடையைக் கட்டிய கம்பெனிகள் பழைய சாமான்களை விற்கிற இடங்களுக்கெல்லாம் அப்பா முதல் ஆளாகப் போய் நிற்பார். சக்கரம் இல்லாத தையல் மெஷின், பல் உடைந்த துளைபோடும் மெஷின், முள் வளைந்த தராசு, பெட்டி பெட்டியாகச் சுத்தியலும் ஸ்பேனரும் உளியும் வரும்.

"மனுசன் நடக்க எடமில்ல. தட்டுமுட்டுச் சாமானப் பூராம் இங்கன கொண்டாந்து எறக்குனா நாங்க எங்கன படுக்க?" என்று அம்மா சத்தம் போடுவார்.

"இது ஓடும்" என்பார் அப்பா. எந்த ஏச்சுக்கும் அவரிடம் அந்த ஒரு பதில்தான். பெரும்பாலும் அது ஓடியது என்பதால் அம்மாவால் மேற்கொண்டு பேச முடியாது. டீசலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றுவார். எங்களிடம் காட்டாத பொறுமையை எல்லாம் அந்தத் திருகாணிகளிடம் காட்டுவார்.

இனி, உங்களில் பலருக்குத் தெரிந்த காந்தத்துக்கு வருகிறேன். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கம் மட்டும் சட்டை இழுத்துக்கொண்டு தொங்கும். அம்மா பைக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். இரும்புத் தூள் ஒட்டி ஒட்டி அப்பாவின் எல்லாச் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் செம்மண் நிறத்தில் ஒரு கறை விழுந்துவிட்டது.

கலியாண வீட்டில் சீர் வரிசைக் குத்துவிளக்கில், அசல் பித்தளைதானா என்று அதை வைத்துப் பார்த்திருக்கிறார். புது வீடு புகுந்த இடத்தில் பித்தளைக் குடத்தில் வைத்திருக்கிறார். "ஒங்கப்பா என்ன, எங்க சீரைச் சோதிக்க வந்தாகளா?" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் இந்த மலரையும் வாங்கியிருப்பீர்கள். காந்தக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தவர்களும் வாங்கியிருப்பீர்கள். உங்கள் வீட்டு விளக்கு மட்டமானது என்று அப்பா ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லேத் பட்டறை நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பெயர் மாரியப்பன். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். நாரணாபுரத்தில் வீடு. அங்கேயே ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை. மருந்து அறைக்குள் இரும்பு போகக் கூடாது என்பது நம் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். இரும்பு பட்டால் பொறி கிளம்பும். அதனால் அங்கே பித்தளையும் மரமும்தான் பழக்கம்.

ஒரு தீபாவளி சீசனில் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது, "அண்ணே, டிரம் மூடி தட்டுற சுத்தியலு தேஞ்சுபோச்சு. ஒங்க கையால ஒண்ணு குடுங்க. ஒங்க கை ராசியான கை" என்றார்.

பழைய சாமானாக வாங்கிய பெட்டி ஒன்றில் ஒரே அளவில் இரண்டு சுத்தியல் கிடந்தன. இரண்டையும் அப்பா புளி போட்டுத் துலக்கினார். இரண்டும் மஞ்சளாகப் பளபளத்தன. இரண்டுக்கும் கருவேலங்கட்டையில் புதுப் பிடி போட்டார். ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். மற்றதை வீட்டை ஒட்டியிருந்த தன் பட்டறையில் ஆணியில் மாட்டினார்.

அந்த சீசன் முடிவதற்குள் மருந்து அறையில் தீப்பிடித்தது. நம் ஊர்ப் பக்கம் தூரத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்போமே, அப்படித்தான் அப்பாவும் வந்து பார்த்தார். புகை நாரணாபுரம் பக்கம் இருந்தது. மாரியப்பன் சித்தப்பா வீடு திரும்பவில்லை. எதனால் பிடித்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெயில் என்றார்கள், உராய்வு என்றார்கள். முடிவாக எவராலும் சொல்ல முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து அப்பா பட்டறையைத் திறந்தார். நடுவில் மழை பெய்து ஓடு ஒழுகியிருந்தது. ஆணியில் மாட்டிய சுத்தியலின் மஞ்சள் நிறத்துக்கு அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. பித்தளைக்குத் துருப் பிடிக்காது. அப்பா ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து வைத்தார். சுத்தியல் ஒட்டிக்கொண்டது. அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

இரண்டும் ஒரே ஜோடி என்று அவர் நினைத்துவிட்டார். அளவு ஒன்று, பெட்டி ஒன்று, துலக்கியபோது நிறமும் ஒன்று. கொடுப்பதற்கு முன்னால் காந்தம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படியானால் சித்தப்பாவுக்குக் கொடுத்தது என்ன? இந்தக் கேள்வி அன்றைக்கு அப்பாவைப் பிடித்தது, கடைசிவரை விடவில்லை.

அந்த இரும்புச் சுத்தியலை அவர் தூக்கிப் போடவும் இல்லை, மறுபடி துலக்கவும் இல்லை. தான் உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிரே மாட்டி வைத்தார். மழைக்காலம் வர வர, துரு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றது. மற்ற சாமான்கள் எல்லாம் மின்னும் பட்டறையில் அது ஒன்று மட்டும் அழுகிக்கொண்டிருந்தது. தீபாவளி நாளில் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். எங்காவது பெரிய சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அன்று திரும்ப எடுக்க மாட்டார்.

சித்தப்பாவின் மனைவி தங்கம்மா சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயுதபூஜை அன்று பட்டறையில் சாமி கும்பிட்டதும், அப்பா பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வருடமும் தவறியதில்லை. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த ஒரு வருடம் நானும் கூடப் போனேன். சித்தி வீட்டில் சாமி படங்கள் வைத்த பலகையில் ஒரு சுத்தியல் தலை இருந்தது. பிடி எரிந்துபோய், கரி ஏறி, பித்தளையா இரும்பா என்று கண்ணால் சொல்ல முடியாதபடி இருந்தது. தீப்பிடித்த இடத்திலிருந்து சித்தப்பாவின் சாமான் என்று கொடுத்தார்களாம். சித்தி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார். கை சட்டைப் பைக்குள் போனது. வெறுங்கையாக வெளியே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா எல்லாவற்றையும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"சித்தி அடுப்படிக்குப் போனப்ப வச்சுப் பாத்திருக்கலாமேப்பா?"

"ஒட்டிருச்சுன்னா அந்தப் படியை நான் எப்படித் தாயி மிதிப்பேன்? தங்கம்மாவுக்கு ஆரு இருக்கா? வருசத்துக்கு ஒருக்கா நான் போறேன். அதுவும் இல்லாமப் போயிரும்."

"ஒட்டலைன்னா?"

அப்பா வண்டியை உதைத்துக் கிளப்பினார். அதற்குப் பிறகும் வருடா வருடம் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய், அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் தெரியாமலே திரும்பி வந்தார்.

போன வருடம் மூச்சுத் திணறலோடு அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையில் பை இல்லை. அப்பாவின் கை நெஞ்சுப் பக்கம் போய்ப் போய்த் துழாவியது. நெஞ்சு வலிக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டார். எனக்குத் தெரிந்தது. காந்தத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். மூடிக்கொண்டார். அப்பா போன பிறகு விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலேயே திரும்பப் போட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தங்கம்மா சித்தி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஏத்தா, அண்ணன் வந்தா இதையேதான் பாத்துக்கிட்டு இருப்பாக. அவுக கையால செஞ்சு குடுத்தது. இனிமே அவுக பட்டறைலயே இருக்கட்டும்" என்று அந்தச் சுத்தியல் தலையை என் கையில் வைத்தார்.

நான் சட்டையில் இருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். வைத்தேன். காந்தம் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. எடுத்துப் பின்பக்கம் வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன். ஒட்டவில்லை. காந்தத்துக்குத்தான் வலு போய்விட்டதோ என்று எதிரே தொங்கிய துருப்பிடித்த சுத்தியலிடம் கொண்டுபோனேன். டப்பென்று கவ்விக்கொண்டது.

அப்பா கொடுத்தது அசல் பித்தளை.

நான் போட்ட சத்தத்தில் அம்மாவும் சித்தியும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்திக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். சித்தியின் முகம் வாடிவிட்டது.

"அப்ப இம்புட்டு வருசமும் பயந்துக்கிட்டா எங்க வீட்டுக்கு வந்தாக? பாசத்துல வர்றாகன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அம்மாதான் பேசினார்.

"பயந்தவுக அந்தத் தெருப் பக்கமே வரமாட்டாக தங்கம்மா. அம்புட்டுப் பயத்தையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு ஒனக்குப் பொரி கொண்டாந்தாகளே, அதுக்கு என்ன பேரு?"

சித்தி அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே" என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் சுத்தியலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார். "இது எங்க வீட்டுலயே இருக்கட்டும். ஆயுதபூஜைக்கு நீ வா" என்றார்.

ஆயுதபூஜைக்குப் போனேன். அந்தச் சுத்தியலுக்குப் பிடி போட்டுத் தரச் சொன்னார் சித்தி. பட்டறைக்குக் கொண்டுவந்து, அப்பா செய்வதைப் பார்த்த பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்தேன். கரி போய் மஞ்சள் தெரிந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டிய ஸ்டூல் காலியாக இருந்தது. எதிரே தொங்கும் இரும்புச் சுத்தியலை இன்னும் நான் கழற்றவில்லை. கழற்ற மனம் வரவில்லை. பட்டறையில் தனியாக இருக்கும்போது யாரோ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

அப்பாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த மாமன் மச்சான்மார்களுக்கும், விருதுநகரிலிருந்து வந்து கூடவே தங்கிய சொந்தங்களுக்கும், சீசன் வேலைக்கு நடுவிலும் இந்த மலரை அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும் அம்மாவும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். காந்தம் வைத்ததற்காக வருத்தப்பட்டவர்கள் இன்றோடு அதை மறந்துவிடுங்கள்.

இதை எல்லாம் மலரில் எழுதலாமா என்று தங்கம்மா சித்தியிடம் கேட்டேன். "எழுது தாயி. எல்லாரும் படிக்கட்டும். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு கொட்டை எழுத்துல எழுது" என்றார்.

அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதிவிட்டேன். படிக்க வேண்டியவர்தான் இல்லை.