முப்பத்திரண்டாவது ஸ்டேஜ்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் பிள்ளைகளுக்கு லீவ் லெட்டரும்தான். அதிலும் இப்போது எழுத வந்திருப்பது வீடியோ கேம் பற்றி. நாற்பது தாண்டிய பொம்பளைக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று சிரிப்பார்கள் என்பதால் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. அம்பத்தூரில் நான் வேலை செய்யும் இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கூட இருப்பவர்கள் நான் ஏதோ ஸ்லோகம் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஆனால் அபிப்பிராயம் இருக்கிறது. கையில் பிடித்து ஆடுகிற பிரிக் கேம் இருந்ததே, மேலிருந்து கட்டைகள் விழ விழ அடுக்குவது, அதைப்போல நேர்மையான ஆட்டம் இன்னொன்று கிடையாது. யார் மேலும் பழி போட முடியாது. நாம் விட்ட ஓட்டை நம் கண்ணெதிரிலேயே கிடக்கும். பேட்டரி தீரும்போது அதன் பாட்டு இழுத்து இழுத்து மூக்கு சிந்துகிற மாதிரி பாடும், அது மட்டும்தான் குறை. துப்பாக்கி வைத்துப் பறவை சுடும் ஆட்டம் சுத்த ஏமாற்று; துப்பாக்கியை டிவி கண்ணாடியில் ஒட்டவைத்துச் சுட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். அம்பத்தூரில் ஆள் உயர வீடியோ கேம் பெட்டிகள் வைத்த கடை ஒன்று இருந்தது. பெண் பிள்ளைகள் உள்ளே போக மாட்டார்கள். சின்ன வயதில் என் மாமா ஒரே ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினார். திரையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். வித்தை தெரிந்து ஆடியவன் தோற்றான், எல்லாப் பொத்தானையும் ஒரே சமயத்தில் குத்தியவன் ஜெயித்தான். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை போய்விட்டது. பொத்தான் போனில் வந்த பாம்பு பஸ்ஸுக்குக் காத்திருக்க நல்லது.

இப்போதைய போன் ஆட்டங்களில் நிறம் அழகாக இருக்கிறது. எங்கே விட்டாலும் அதுவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அடுத்த மாதம் வந்தாலும் விட்ட இடத்தில் நிற்கிறது. வசதிதான். ஆனால் பாதியில் விட்டுப் போவது என்பது இப்போது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. எங்கள் காலத்து டிவி கேம் அப்படி இல்லை. ஸ்விட்சை அணைத்தால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அப்படி ஒரு ஆட்டத்தை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் காவல் காத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போது நாங்கள் திருமுல்லைவாயிலில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஆவடியில் டாங்கி செய்கிற ஃபாக்டரியில் ஃபிட்டர். தினமும் சைக்கிளில் போய் வருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு எங்களோடு இருந்தார். வேலை கிடைப்பதற்குள் அவர் பர்மா பஜாரில் ஒரு டிவி கேம் செட்டை வாங்கிவந்து அம்மாவிடம் திட்டு வாங்கினார். கூட ஒரு கேசட். அதன் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாகப் போட்டிருக்கும். உண்மையில் ஏழெட்டுதான், பெயரை மாற்றி மாற்றித் திரும்ப வரும். எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. டாங்கி ஆட்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். எதிரி டாங்கிகள் மேலிருந்து வந்து அதைச் சுடப் பார்க்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு டாங்கியில் அதைக் காப்பாற்ற வேண்டும். கழுகு போனால் ஆட்டம் முடிந்தது. மாமா மேலே போய் வேட்டையாடுவார், நான் கழுகுக்குப் பக்கத்தில் நிற்பேன். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. அவர் டாங்கி மஞ்சள், என் டாங்கி பச்சை என்பதை முப்பது வருடம் கழித்து என் மகனின் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். எங்களுக்கு இரண்டும் ஒரே சாம்பல். அதனால் அடிக்கடி அவரையே சுட்டுவிடுவேன். சாக மாட்டார், கொஞ்ச நேரம் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்பார்.

“அய்ய பாப்பா, என்னியே சுட்டுக்கினு கீறியே! நா உன் மாமன்மே!”

அப்பா தோளில் துண்டோடு பின்னால் நின்று பார்ப்பார். உட்கார மாட்டார். ஒருநாள், “டாங்கி இப்படிச் சட்டுன்னு திரும்பாது. அது திரும்புறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்” என்றார். ஆட்டங்களைப் பற்றி அப்பா சொன்ன அபிப்பிராயம் அது ஒன்றுதான்.

மாமா திரும்பிப் பார்க்காமலே, “மச்சான், அது உன் ஃபாக்டரி டாங்கி. இது பஜார் டாங்கி. இதுக்கு இன்ஸ்பெக்‌ஷன்லாம் கெடயாது” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

மொத்தம் முப்பத்தைந்து ஸ்டேஜ். நாங்கள் இருபதைத் தாண்டியதில்லை. “முப்பத்தஞ்சு முட்ச்சிட்டேன்னு வெய்யி, கழுகு ரெக்கைய விரிச்சிகினு பறக்கும் பாப்பா. வித்தவனே சொன்னான்” என்பார் மாமா. எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கழுகு வரைந்துவைத்தேன். அது பறப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். (மகனின் கம்ப்யூட்டரில் முப்பத்தைந்தையும் முடித்துப் பார்த்தேன். பறக்கவில்லை. மறுபடி ஒன்றாவது ஸ்டேஜ் வந்தது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமா என்னை எழுப்பினார். எட்டுக்கு முன்னால் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். “வா பாப்பா, இன்னிக்கி முட்ச்சிடலாம்” என்றார். பல்கூட விளக்காமல் உட்கார்ந்தோம். அன்றைக்கு எங்கள் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இருபது போனது, இருபத்தைந்து போனது. அம்மா இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை திட்டாமல் போனாள். முப்பத்திரண்டாவது ஸ்டேஜ் தொடங்கியதும் மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார்.

“ஒர்த்தர பாக்கணும் பாப்பா. நீ ஆஃப் பண்ணாம வெச்சிரு. டிவிய வேணா நிறுத்திக்கோ, செட்ட தொடாத. கரண்ட்டு போவாம பாத்துக்கோ.”

“கரண்ட்ட எப்படி மாமா பாத்துக்கிறது?”

“கும்பிட்டுக்கோ.”

குளித்து, இன்டர்வியூவுக்கு மட்டும் போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குனிந்து, அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். காற்றுப் படட்டும் என்று அதைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிவைத்தார். பிறகு போனார். அப்பா அதற்கு முன்பே ஓவர்டைம் என்று சொல்லிக் கிளம்பியிருந்தார். அவருடைய சைக்கிள் வாசலிலேயே நின்றது. நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

செட்டின் முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன் எதிரில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் கூடத்தில் டிவிக்குப் போக ஒரே ஒரு பிளக் பாயின்ட். மிக்சி போடவும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, மசாலா அரைக்க வேண்டும். அம்மா மிக்சி ஜாரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு கையாலும் பிளக்கை மறைத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அம்மா சிவப்பு விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜாரோடு திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் அம்மிச் சத்தம் கேட்டது. மிக்சி வந்த பிறகு அந்த வீட்டில் அம்மியில் அரைத்தது அன்றைக்குத்தான்.

பதினோரு மணி வாக்கில் அடாப்டர் கொதிக்க ஆரம்பித்தது. காய்ச்சல்காரர்களுக்குப் போடுவதுபோல ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து அதன் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஓடிவந்து அதைத் தூக்கி எறிந்தாள். “ஷாக்கடிச்சி சாவப் போறியா?” என்று கையை ஓங்கியவள் அடிக்கவில்லை. விசிறியை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடாப்டருக்கு விசிறினாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, என் அம்மா ஒரு அடாப்டருக்குக் கால் மணி நேரம் விசிறிக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டு வேளைக்கு பம்பாய் வண்டி வந்தது. அது எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. தினமும் போகிற வண்டிதான். அது போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அதிர்வில் கேசட் ஆடினால் திரை குழம்பிவிடும் என்று நான் செட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சோறு பிசைந்துகொண்டிருந்த அம்மா எச்சில் கையோடு எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள்.

அந்த வண்டியில் மாமா போனார். பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறிக் குவைத்தில் வேலைக்கு. பெட்டி முந்தின நாளே அப்பாவின் சினேகிதர் வீட்டுக்குப் போய்விட்டது. முன்பு ஒரு தடவை மாமா பெங்களூர் போனபோது நான் ஸ்டேஷனில் விழுந்து புரண்டு அழுது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேனாம். கிளம்புகிற நேரத்தில் குழந்தை அழுதால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் எல்லோரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. கேட்டைத் தாண்டும்போது கதவருகில் நின்று கையாட்டிக்கொண்டே போனதாக, நான்கு வருடம் கழித்து லீவில் வந்தபோது மாமா சொன்னார். அப்போது அவருக்கு மீசை அடர்த்தியாகியிருந்தது. எனக்கு அவர் எதிரில் உட்காரக் கூச்சம் வந்துவிட்டிருந்தது. டாங்கி ஆட்டத்தைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

அந்த மதியம் எனக்கு இதெல்லாம் தெரியாது. வண்டி போய்விட்டது, கேசட் ஆடவில்லை என்று நிம்மதியாகக் கையை எடுத்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை பிள்ளைகளோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

“இன்னாமே, படம் போட்ற நேரத்துல டிவி மூஞ்சியில கரிய பூசி வெச்சிகீற? இதுக்கு எதுத்தாப்ல சாமி கும்பிட்ற மாறி குந்திகினு?”

“மாமா வர்ற வரைக்கும் கேம் வயர டிவிலேர்ந்து கழட்டக் கூடாது அத்த.”

“உன் மாமனா? அவன்தான்...” என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏதோ முணுமுணுப்பு கேட்டது. திரும்பி வந்த அத்தை என் தலையைத் தடவிவிட்டு, “வாங்கடா, ஊட்டுக்கு போலாம்” என்று பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனாள். படம் பார்க்காமல் போகிற ஆள் இல்லை அவள். எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கொஞ்ச நேரத்தில் நடந்து வந்தார். சட்டையில் கிரீஸ் இல்லை. மாமா எங்கே என்று கேட்டேன். வந்துவிடுவான் என்று சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் தரையில், மாமா உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்தார். டிவியைப் போட்டார். முப்பத்திரண்டாவது ஸ்டேஜ் அப்படியே நின்றிருந்தது. மாமாவின் கன்ட்ரோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரல்களுக்கு அந்தப் பொத்தான்கள் மிகச் சின்னவை.

“எது சுடுறது, எது ஓட்டுறது? சொல்லு, நான் ஆடுறேன்.”

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். “அது மாமாவோடது. உனக்கு ஆடத் தெரியாது. நீ ஆடுனா கழுகு செத்துப்போயிடும்” என்றேன்.

“ஆமாம், எனக்குத் தெரியாதுதான்” என்றார் அப்பா. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, முகம் கழுவப் போனார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நாள் முழுக்க டாங்கியோடு வேலை செய்து வருகிற மனிதர் எதற்காக இன்னொரு டாங்கியைக் கேட்டார் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. மதியம் மச்சானை வண்டி ஏற்றிவிட்டு வந்தவருக்கும் அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்தையும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் தெரிந்தபோது அப்பா இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காலை ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.